ராகு தசை முடியாத கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பேட்டரியை மாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தோசை சுடத் தெரிந்த யாரும் செய்யலாம். தோசையாவது சில நாள் கல்லில் ஒட்டிக்கொண்டு அடம் பிடிக்கும். பேட்டரி என்னை ஒருநாளும் அப்படிப் படுத்தியதில்லை.

முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். அது மட்டும் போதாது. சுவரிலிருந்து ப்ளக்கையே பிடுங்கி, கண்ணுக்குத் தெரியும்படி மேசைமேல் வைக்க வேண்டும். மூடியைக் கழற்றியதும் ஒரு கையால் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தைத் தொட வேண்டும். நம் உடம்பிலும் சேலையிலும் தங்கியிருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடும். பேட்டரிகள் நான்கும், ரேடியோவுக்குப் போடுகிற அதே சின்ன பேட்டரிகள்தான், ஒரு பிளாஸ்டிக் கூட்டில் இருக்கும். கூட்டிலிருந்து ஒரு வயர் உள்ளே போகும். சிவப்பு வயர் எந்தப் பக்கம் என்று பார்த்துவைத்துக்கொண்டு கழற்ற வேண்டும். நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும், பழையதோடு புதியதைக் கலக்கக் கூடாது. கழித்த பேட்டரிகளைக் குப்பையோடு போட்டு எரிக்கக் கூடாது, வெடிக்கும். அவ்வளவுதான்.

இதை ஏன் இத்தனை விவரமாகச் சொல்கிறேன் என்றால், என் வீட்டுக் கூடத்தில் நடந்ததைப் பற்றி நம் தமிழர் சங்கத்தில் நீங்கள் பேசிக்கொள்வது என் காதுக்கு வந்துவிட்டது. "பாவம் சாரதா அக்கா, வயசு போட்டுது. இந்தப் ப்ளக்கெண்டு நினைச்சு அந்தப் ப்ளக்கைக் கழட்டிப் போட்டா" என்கிறீர்களாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஈப்போவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில், ஓய்வு பெறும் வரை தட்டச்சு செய்தவள் நான். நான் அடித்த தாளில் ஓர் எழுத்து மாறியது என்று யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், கவனமில்லாதவள் என்று மட்டும் சொல்லாதீர்கள். அன்றைக்கும் நான் கவனமாகத்தான் இருந்தேன்.

எங்களைத் தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். என் பெயர் சாரதாதேவி. விமலாதேவி என் தங்கை, என்னைவிட மிகவும் இளையவள். அம்மா அவளைப் பெற்ற வருஷமே போய்விட்டார். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த அப்பா, தம்பிமுத்து, அவளைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அவள் என் பிள்ளை. எனக்கு வந்த சம்பந்தங்கள் எல்லாம், "அந்தக் குழந்தையை யார் பார்க்கிறது" என்ற கேள்வியில் வந்து நின்றன. குழந்தையை நான் பார்த்தேன், சம்பந்தங்கள் போயின. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அப்பா காலமான பிறகு, ஈப்போவை ஒட்டிய பெர்ச்சாமில் இந்த வீட்டில் நாங்கள் இருவரும்தான். ஞாயிறு காலை பசாருக்குப் போய் மீன் வாங்குவோம். மாலையில் அவள் எனக்குத் தலை வாரிவிடுவாள், நான் அவளுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவேன். இதைவிட நல்ல வாழ்க்கை யாருக்கு வாய்த்திருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா தன் கைப்பட எழுதிய விமலாவின் ஜாதகத்தில், அவளுக்கு முப்பது வயது வரை ராகு தசை, அதற்குள் கல்யாணம் செய்தால் மாங்கல்யத்துக்கு ஆகாது என்று இருந்தது. அதனால் நாங்கள் அவசரப்படவில்லை. 1983-இல் ராகு முடிந்து வியாழ தசை பிறந்தது. உடனே சங்கத் தலைவர் துரைசிங்கம் அண்ணை குடையும் கையுமாக வந்து உட்கார்ந்துவிட்டார். "இனி என்ன தடை? வியாழன் வந்திட்டான். பிள்ளைக்கு நான் பாக்கிறன்" என்றார். நல்ல மனிதர். அவர் போன பிறகு நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

1985-இல் சங்கம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியது. கணக்குப் பார்க்க வாங்கியதாகப் பெயர், ஆனால் சிங்கப்பூரிலிருந்து துரைசிங்கம் அண்ணையின் மருமகன் ஜாதகம் கணிக்கும் ஒரு டிஸ்க் கொண்டுவந்து கொடுத்த நாளிலிருந்து அது வேறு எதற்கும் பயன்படவில்லை. தட்டச்சுத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் மெஷின் என் கூடத்துக்கு வந்தது. பிறந்த நாள், நேரம், ஊர் மூன்றையும் அடித்தால் போதும். கட்டத்தையும் நட்சத்திரத்தையும் போட்டு, இன்றைய தேதிக்கு என்ன தசை நடக்கிறது, அதற்குப் பலன் என்ன என்று சரசரவென்று அச்சடித்துத் தள்ளும். இன்றைய தேதி எது என்று அதற்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் பேட்டரிதான் ஞாபகம் வைத்திருக்கும். மெஷின் அணைந்திருக்கும்போதும் உள்ளே கடிகாரம் ஓடும். பேட்டரி போய்விட்டால் மெஷின் எல்லாவற்றையும் மறந்து, தன் முதல் நாளுக்குத் திரும்பிவிடும். அந்த நாள் 1980 ஜனவரி முதல் தேதி, செவ்வாய்க்கிழமை.

இது எனக்கு எப்படித் தெரியவந்தது என்பது வேடிக்கை. பாரிட் புந்தாரிலிருந்து சதாசிவம் என்று ஓர் எஞ்சினியரின் வீட்டார் வந்திருந்தார்கள். நல்ல பையன். விமலா ஏதோ சொல்ல, அவர் வாய்விட்டுச் சிரித்து கோப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். விமலா அன்று பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். எல்லார் முன்னிலையிலும் நான் மெஷினைப் போட்டேன். விமலாவின் விவரத்தை அடித்தேன். ராகு தசை என்று அச்சடித்தது. கணவன் ஆயுளுக்குப் பங்கம் என்று அடுத்த வரி. "அப்பா எழுதினதிலை முடிஞ்சுதெண்டெல்லே இருந்தது?" என்றாள் விமலா. துரைசிங்கம் அண்ணைதான் பதில் சொன்னார். "கையாலை கணிச்சா வருஷக்கணக்கிலை பிழை வரும் பிள்ளை. அது வாக்கியப் பஞ்சாங்கம், இது திருக்கணிதம். மெஷின் பிழை விடாது."

அவர்கள் போன பிறகுதான் தாளின் மேல் விளிம்பில் இருந்த தேதியைப் பார்த்தேன். 1980. பேட்டரி செத்துக் கிடந்திருக்கிறது. அவர்களின் கார் அப்போது முனைக் கடையைக்கூடத் தாண்டியிருக்காது. கூப்பிட்டிருக்கலாம். நான் அந்த மேல் வரியைக் கிழித்துப் போட்டுவிட்டு, விமலாவுக்குப் பால் காய்ச்சப் போனேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நான் பொய் சொல்லவில்லை. சொன்னது மெஷின்.

மறுநாள் ஜெலாப்பாங்கில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்குப் போன் செய்தேன். லூயிஸ் என்று ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கறுத்து, உயரமாக, சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவரைப் பேனா மாதிரிச் செருகியிருந்தார். பேட்டரி மாற்றுவது எப்படி என்று நான் மேலே எழுதியதெல்லாம் அவர் எனக்குக் காட்டியதுதான். "ப்ளக்க எடுத்துக் கண்ணு முன்னால வச்சிடணும் அக்கா. சுவிட்ச நம்பக் கூடாது லா. இந்தப் பொட்டியில முன்னாடி சுவிட்சு வரைக்கும் வீட்டுக் கரண்டு வருது, இந்த ரப்பர் ஒற ரெண்டும் இல்லேன்னா தொட்டவன் காலி" என்றார். பேட்டரிக் கூடு அந்தச் சுவிட்சை ஒட்டித்தான் இருந்தது. நான் எல்லாவற்றையும் மனத்தில் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த சம்பந்தம் வந்தபோது காலையிலேயே நான் ப்ளக்கைப் பிடுங்கி மேசைமேல் வைத்தேன், மூடியைக் கழற்றினேன், இரும்பைத் தொட்டேன், வயரைக் கழற்றினேன். ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் மெஷினுக்கு எல்லாம் மறந்துவிட்டது. மாலையில் அவர்கள் வந்தார்கள். மெஷின் தன் 1980-ஐக் காட்டி, புதிய தேதி என்ன என்று கேட்டது. நான் என்டர் தட்டினேன். யாரேனும் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது. வேண்டுமென்றே தப்பான தேதியை அடித்திருந்தால் அது பொய். அதை நான் ஒருநாளும் செய்ததில்லை, என் கை அதற்கு வராது.

பிறகு வயரை மாட்டி, சரியான தேதியைக் கொடுத்து, மற்றவர்களின் ஜாதகங்களைச் சரியாகப் பார்த்துக் கொடுத்தேன். உங்கள் பிள்ளைகள் விஷயத்தில் நான் விளையாடியதே இல்லை. என் மெஷின் பார்த்துக் கூட்டிவைத்த கல்யாணங்களில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். எல்லாத் தாளிலும் மேல் வரியைக் கிழித்துவிடுவது மட்டும் என் பழக்கமாகிவிட்டது. விமலாவின் தாள் மட்டும் தனியாகத் தெரியக் கூடாது அல்லவா.

தெலுக் இந்தானிலிருந்து ஓர் ஆசிரியர் வந்தார், தைப்பிங்கிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். மெஷின் மாற்றிச் சொல்லவில்லை. டாக்டரின் தாயார் தாளை விமலாவிடம் கொடுக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு விமலா கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கோயிலில் மணப்பெண் வந்தால் தூணுக்குப் பின்னால் போய் நிற்பாள். ஆரத்தித் தட்டை யாராவது நீட்டினால் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள். பச்சைப் பட்டை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். ஒருநாள் சாப்பிடும்போது, "அக்கா, என்னைக் கட்டுற ஆள் செத்துப் போவார் எண்டா, நான் பிறந்ததே ஒரு ஆளைக் கொல்லத்தானே" என்று கேட்டாள். இனி யாருக்கும் என் ஜாதகத்தைக் கொடுக்காதீர்கள் என்றும் சொன்னாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல முடிவு. அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்துக் கொடுத்தேன்.

எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். வயர்தான் காலை வாரிவிட்டது.

கழற்றிக் கழற்றி மாட்டியதில் அதன் முனை தளர்ந்து போயிருந்தது. நான் தொடாமலே மெஷின் மறக்கத் தொடங்கியது. ஒரு நாள் உங்களில் ஒருவரின் மகளுக்கு, கல்யாண வயதில் இருக்கும் பெண்ணுக்கு, தாய்ப்பாலும் தடுப்பூசியும் பற்றி ஆலோசனை சொல்லாத குறைதான். 1980-இல் அவள் பள்ளிக்கூடப் பிள்ளை அல்லவா, படிப்பில் கவனம் தேவை, கீழே விழுந்து அடிபடலாம் என்று அச்சடித்தது. எல்லாரும் சிரித்தோம். நான் லூயிஸுக்குப் போன் செய்தேன். அவர் வந்து சரிசெய்தார், பிறகும் தளர்ந்தது, பிறகும் வந்தார். வந்தவருக்கு விமலா கோப்பி கொடுத்தாள். பிறகு கோப்பியோடு பயத்தம் பணியாரம் கொடுத்தாள். ஒரு நாள் நான் பின்கட்டில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. யார் என்று புரியவே எனக்கு நேரம் ஆயிற்று. விமலா சிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பயம் வந்தது. அதை ஒளிக்க விரும்பவில்லை.

லூயிஸ் கெட்டிக்காரர். ஒருமுறை வயரின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது பேட்டரி கொற இல்ல அக்கா. யாரோ புடுங்கிப் புடுங்கி மாட்டியிருக்காங்க" என்றார்.

"எலியா இருக்கும் தம்பி" என்றேன்.

"எலிக்கு ஸ்குரூ டிரைவர் புடிக்கத் தெரியுமா லா?" என்றார், சிரித்துக்கொண்டே. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னார்.

அவர் ஏன் அந்தப் பக்கம் பார்த்தார் என்பது பிறகுதான் விளங்கியது. ஒரு மாலை நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பழுது எதுவும் இல்லாமலே வந்து, என் முன்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டார். "அக்கா, எனக்கு அம்மா ஆலிஸ் மட்டுந்தான். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருந்தோம், தோட்டத்தத் துண்டு போட்டு வித்தப்ப ஜெலாப்பாங் வந்துட்டோம். விமலாவ எனக்குப் புடிச்சிருக்கு. அவங்களுக்கும் புடிச்சிருக்குன்னு தெரியும். நான் வரணும்னுதான அந்த வயரப் புடுங்கி விடுறாங்க."

நான் வாழ்க்கையில் அவ்வளவு அடக்கிக்கொண்டு சிரித்ததில்லை. மூன்று நல்ல சம்பந்தங்களை விரட்டிய வயராலேயே நான்காவதை நானே வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டேன்.

"தம்பி, உங்கடை ஜாதகம் இருக்கோ?" என்றேன்.

"எங்க வூட்ல ஏது அக்கா ஜாதகம்? நான் பொறந்த நேரம் எங்கம்மாவுக்கே தெரியாது. விடியக்காலம் பெரட்டுக்குத் தப்பு அடிச்சாங்க, நீ அழுதன்னு சொல்லுவாங்க, அவ்ளோதான்." தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூட்ட அடிக்கும் தப்பை வைத்து மெஷின் எதைக் கணிக்கும். முதல் முறையாக அந்த மெஷினால் எனக்கு ஓர் உதவியும் செய்ய முடியவில்லை.

விமலா முதலில் மறுத்துவிட்டாள். பிடிக்காமல் அல்ல. "அவர் நல்லா இருக்கோணும் அக்கா" என்று அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். ஆனால் லூயிஸ் விடவில்லை. வாரா வாரம் வந்தார். மரணத்தைப் பற்றி அவள் சொன்னதற்கெல்லாம், "நான் மோட்டார் சைக்கிள்ல ஈப்போ டவுனுக்குப் போய்ட்டு வாரேன், அதவிடவா ஒங்க ராகு?" என்று கேட்டுச் சிரிக்கவைத்தார். அவர் சிரிக்கச் சிரிக்க அவள் பயம் கரைவதை நான் பார்த்தேன். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை என்னிடம் வந்தாள். "அக்கா, ஜாதகமே இல்லாத ஆளை என்ரை ராகு எப்பிடிக் கண்டுபிடிக்கும்? ஞாயிறு அவர் வரேக்கை நான் ஓமெண்டு சொல்லப்போறன்" என்றாள். கண்ணெல்லாம் ஒளி. நான் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தேன்.

பிறகு ஜெலாப்பாங்குக்குப் போன் செய்து, மெஷின் திரும்பவும் மறந்துவிட்டது, சனிக்கிழமையே வர முடியுமா என்று கேட்டேன்.

அன்று நல்ல வெயில். அவர் வருவதற்கு முன் விமலா கடைக்குப் போயிருந்தாள். நான் மெஷினின் மூடியைக் கழற்றினேன். முதலில் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கழற்றினேன், என்னை ஏமாற்ற முடியாது. முன் சுவிட்சின் பின்னால் இருந்த ரப்பர் உறைகள் இரண்டையும் மெல்ல உருவி, என் தையல் டப்பாவுக்குள் வைத்தேன். மூடியை வைத்தேன். மெஷினின் ப்ளக்கும் மேசை விசிறியின் ப்ளக்கும் அலமாரிக்குப் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டும் கறுப்பு. மெஷினின் ப்ளக்கைத் திரும்பச் செருகினேன். விசிறியின் ப்ளக்கைப் பிடுங்கி, கண்ணுக்குத் தெரியும்படி மேசைமேல் வைத்தேன்.

லூயிஸ் வந்து உட்கார்ந்தார். எப்போதும் கேட்பதைத்தான் கேட்டார். "ப்ளக்கு எடுத்தாச்சா அக்கா?"

"ஓம் தம்பி, எடுத்தாச்சு. இஞ்சை பாருங்கோ" என்றேன். ஒரு ப்ளக்கை எடுத்தது உண்மைதான்.

கடையிலிருந்து திரும்பியிருந்த விமலா கோப்பி கொண்டுவந்தாள். "என்னக்கா ஃபேனை நிப்பாட்டிப் போட்டீங்கள்? அவருக்கு வேர்க்குது" என்றாள்.

"காத்துக்கு ஸ்குரூ உருண்டு போடும் பிள்ளை" என்றேன்.

அவர் மூடியைக் கழற்றினார். எனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே இடது கையை இரும்புச் சட்டத்தில் வைத்தார். வலது கையைப் பேட்டரிக் கூட்டுக்கு நீட்டினார்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சாகக் கூடாது என்றும் குறிப்பாக நினைக்கவில்லை. ஒரு சின்ன உதறல், ஓர் அறிகுறி, அதைப் பார்த்தால் விமலாவுக்குப் புரிந்துவிடும் என்றுதான் கணக்குப் போட்டேன். மின்சாரம் அவரை நாற்காலியோடு சேர்த்துச் சுவரில் அடித்தது. வீட்டின் கரண்டு மொத்தமும் போய்விட்டது. கோப்பித் தட்டு விழுந்தது. அவர் கை கருகியிருந்தது, மூச்சு இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. விமலா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "என்னாலைதான், என்னாலைதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கத்தவில்லை. மெதுவாகச் சொன்னாள். அவள் என்னிடமே திரும்பி வந்துவிட்டாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. நான்தான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் பிழைத்துக்கொண்டார். கண் விழித்ததும், "பேட்டரி இன்னும் மாட்டல லா" என்றாராம். வேலையில் அவரும் என்னைப் போலத்தான்.

மறுநாள் விமலா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டாளாம். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நான் ரசம் வைத்திருந்தேன். அவர் சட்டையின் கை கிழிந்திருக்கிறது, தைத்துக் கொடுத்துவிட்டு ஒரேயடியாக வந்துவிடுகிறேன் என்று ஊசி நூல் தேடினாள். தையல் டப்பாவைத் திறந்தாள்.

அந்த டப்பாவை நான் மறந்துவிட்டேன். அதுதான் நான் செய்த ஒரே பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு ரப்பர் உறைகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவர் வேலை செய்யும்போது எத்தனையோ தடவை பக்கத்தில் நின்றவள்தானே. மேசை விசிறியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அக்கா, என்ரை ராகு தசை எப்ப முடிஞ்சது?" என்று கேட்டாள்.

"மெஷினைக் கேள்" என்றேன்.

அவள் உறைகளைத் திரும்ப மாட்டினாள். மூடியை வைத்தாள், சரியான ப்ளக்கைச் செருகினாள். ஒரு விரலால் சுவிட்சைத் தட்டினாள். மெஷினுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அது தன் 1980-ஐக் காட்டித் தேதி கேட்டது. "செவ்வாய்க்கிழமை" என்று அவள் வாய்விட்டுப் படித்தாள். நான் எத்தனையோ தடவை கடந்து போன அந்தக் கேள்விக்கு, அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துப் பார்த்து, ஒற்றை விரலால் பதில் அடித்தாள். பிறகு தன் பிறந்த விவரத்தை அடித்தாள். அச்சு ஓடி முடியும்வரை நின்றாள். வியாழ தசை. கல்யாணத்துக்கு உகந்த காலம், கணவனுக்கு மேன்மை. அப்பா எழுதியது அப்படியே இருந்தது.

அவள் ரசத்தை மூடிவைத்தாள். பெட்டிக்கு அடியிலிருந்து பச்சைப் பட்டை எடுத்து உடுத்திக்கொண்டு, தாளையும் எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிறகு வரவில்லை. பதிவுத் திருமணம் ஆகி, ஜெலாப்பாங்கில் மாமியாரோடு இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சந்தோஷம்தான்.

இப்போது உங்கள் பேச்சுக்கு வருகிறேன். அக்கா ப்ளக்கை மாற்றிக் கழற்றிவிட்டார், பாவம் என்று முதலில் ஆஸ்பத்திரியிலும், பிறகு உங்கள் எல்லாரிடமும் சொன்னவள் விமலாதான். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டாள். அவளை அப்படி வளர்க்கவில்லை நான். எது எந்தப் ப்ளக் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் விட்டுவைத்தேன். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட ஒரே பொய் அவள் சொன்ன அந்தப் பொய்தான். அது என் மனத்தை மிகவும் புண்படுத்திவிட்டது.

துரைசிங்கம் அண்ணை இதைப் படித்தால் என்னைத் தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பார். அனுப்பட்டும், அதற்கு முன் மெஷினை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நல்ல நிலையில் இருக்கிறது. இன்று காலைகூட ப்ளக்கைப் பிடுங்கிக் கண் முன்னால் வைத்து, இரும்பைத் தொட்டு, தூசி தட்டி வைத்தேன். வயரை மட்டும் மாட்டவில்லை.

பிறகு சும்மா ஒரு முறை போட்டுப் பார்த்தேன். தேதி கேட்டது. என்டர் தட்டினேன். விமலாவுக்கு இன்னும் ராகு தசைதான். கணவன் ஆயுளுக்குப் பங்கம் என்றே வருகிறது. அவளுடைய கோப்பையைக் கழுவி எடுத்து வைத்திருக்கிறேன். லூயிஸ் தம்பியை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.